முந்நூறு ரூபாய்ச் சோறு

வண்டிக்கு இன்னும் பதினேழு தவணை.
அதுவரை அது பைனான்ஸ்காரன் யானை,
எங்களுக்குக் குட்டியானை.

பதினோரு மாதம் கரிமூட்டை சுமந்த முதுகைக் கழுவி,
குழாய் வளைத்துத் தார்ப்பாய் கட்டி,
பலகைமேல் மெத்தையை உதறிப் போட்டு
"வீடு ரெடி" என்றார் என் வீட்டுக்காரர்.
பெயர் வழிவிட்டான்.
கிழக்குக் கடற்கரைச் சாலையில்
எஸ்பி பட்டினம் பஸ்ஸுக்குக்கூட விட்டதில்லை.

தேவிபட்டினத்தில் துஷாரா வாந்தி எடுத்தாள்.
சேதுக்கரை அலையில் சின்னவன் ஒரு செருப்பைத் தொலைத்தான்.
மற்றதையும் எறிடா என்றால்
மாட்டானாம். அது என்ன தப்புப் பண்ணியது?
ஏர்வாடியில் பரோட்டா.
வாலிநோக்கம் உப்பளத்தருகே
வண்டியை அடையாளம் கண்டு
லோடா என்று கைகாட்டினார்கள்.
"லோடு நாங்கதாண்ணே."

மூக்கையூருக்கு இந்தப் பக்கம்
மணல் இறுகிய இடமாய்ப் பார்த்து நிறுத்தியபோது
பொழுது கடலுக்கு இல்லை, கரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
தடைக்காலம். விசைப்படகுகள்
சம்பளமில்லாதவர்கள் மாதிரி தோளோடு தோள் சாய்ந்திருந்தன.
வள்ளத்துக்காரர் சம்சாரம்
ஐம்பது ரூபாய்க்கு ஒரு சட்டி சூடை தந்தாள்.
அரிசி களைந்தாயிற்று. மீன் உரசியாயிற்று.
அடுப்பைத் திருகினால்
சிலிண்டர் ஒரே ஒரு பெருமூச்சு விட்டு
அத்தோடு முடித்துக்கொண்டது.

கிளம்பும்போதே குலுக்கிப் பாருங்க என்றேனே,
என்று நான் சொல்லவில்லை.
சொல்லாததை
அவர் நன்றாகவே கேட்டார்.
சீட்டுக்கடியிலிருந்து அரிவாளை உருவிக்கொண்டு போனார்.

விறகுக்கா பஞ்சம், கண்ணெட்டும் தூரம் கருவை.
ஆனால் மூட்டை தூக்கின கை அது.
மரத்தை அடிக்கிறது, வெட்டவில்லை.
அரிவாள் துள்ளித் துள்ளித் திரும்புகிறது.
இங்க கொடுங்க என்றேன்.
கல்யாணத்துக்கு முன்னால் அஞ்சு வருசம்
கரிமூட்டத்துக்குக் கூலிக்கு வெட்டினவள் நான்.
முள்ளை முதலில் கழி, கிளையை மிதி,
சாய்த்து இறக்கு.
மூன்று தூர் விழுந்தது.
அவர் தள்ளி நின்று
டார்ச் பிடிப்பதை ஒரு வேலையாகச் செய்தார்.

பச்சை விறகு.
நுனியில் நுரை கக்கிச் சீறியது,
எரியமாட்டேன் என்றது.
சோழகக் காற்று புகையைத் திருப்பித் திருப்பி
எங்கள் கண்ணுக்கே கொண்டு வந்தது.
புகை பார்த்து பைக்கில் ஒரு பையன் வந்தான்.
"குத்தகைக் காடுக்கா இது. யாரு வெட்டச் சொன்னா?"
தூர் எண்ணினான். வண்டியைப் பார்த்தான்.
"சிக்கல் கரி ஏத்துற வண்டில்ல?"
பிறகு சட்டியிலிருந்த மீனைப் பார்த்தான்.
"மூணுதான... மழை பேஞ்சா முப்பதா வரும், விடுங்க"
என்று ஸ்டாண்டு போட்டான்.

துஷாராவைக் காணோம்.
வண்டிக்குள் மெத்தையைச் சுருட்டி, பலகையைத் தூக்கி,
தகர இடுக்கில் கரண்டிக் காம்பால்
நோண்டிக்கொண்டிருந்தாள்.
பாவாடை மடியில் கொண்டு வந்து கொட்டினாள்:
கரி.
உடைசலும் தூளுமாய், ஒரு முறம் இருக்கும்.
எத்தனை கழுவியும் எங்கள் கைக்கு எட்டாதது.

பனையோலை கொளுத்தி அதன்மேல் போட்டோம்.
சின்னவன் ஒற்றைச் செருப்பைக் கழற்றி விசிறினான்.
முதலில் ஒரு கண் சிவந்தது.
அப்புறம் பக்கத்துக் கண்.
கருவையில் வெந்த கரி
பச்சைக் கருவைக்கு என்ன சொல்லிற்றோ,
அதுவும் பிடித்துக்கொண்டது.

உலை கொதிக்கிற சத்தத்தில் அவர் சொன்னார்,
யாரிடமும் இல்லை, நெருப்பிடம்:
"தை மாசம் எடை குறையுதுன்னு
முதலாளி முந்நூறு பிடிச்சான்.
வித்துத் தின்னுட்டேன்னு நாலு பேர் முன்னால சொன்னான்."

எனக்குத் தெரியாது இது.
சிக்கலுக்கும் சந்தைக்கும் நடுவே
எத்தனை தரம் ஓட்டியிருப்பார்,
அந்த மூட்டைக் கிழிசலைத்
தலைக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு.

சோறு வடித்தேன்.
பைக் பையனையும் சேர்த்து ஐந்து தட்டு,
தட்டு நாலுதான், மூடியில் அவர் சாப்பிட்டார்.
ஒரு வாய் மென்று
"முந்நூறு ரூபாய்க்கு உப்பு கம்மி" என்றார்.
துஷாரா சிரித்தபோது
பல் மட்டும் தெரிந்தது.